பாட்டியோட பட்டு ஒரிஜினல் காஞ்சிபுரம் இல்லன்னு கடைல சொல்லிட்டா?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். நீங்க பெங்களூர்லயே பொறந்து வளர்ந்த பொண்ணு, பூர்வீகம் திண்டுக்கல் பக்கம், மாப்பிள்ளை பாகல்கோட் பக்கத்து கன்னடக் குடும்பம். முகூர்த்தத்துக்கு பாட்டியோட பச்சைப் பட்டைக் கட்டணும்னு ஆசப்பட்டு பாலிஷ் போட எடுத்துட்டுப் போனா, அந்தக் கடைல "இது ஒரிஜினல் காஞ்சிபுரமே இல்லம்மா, எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க, வீட்டுக்கு வந்தா பெரியம்மா "நம்ம குடும்பத்துக்கு பட்டே வழக்கம் கிடையாது, எல்லாம் சின்னாளப்பட்டிதான்"னு அவங்க பங்குக்கு ஒண்ணப் போட்டுட்டாங்க. அதனால ஃபோட்டோ போட்டு இது ஒரிஜினலான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரில "அப்ப மாமியார் வீட்ல இதுதான் எங்க பாரம்பரியம்னு நான் எதக் காட்டுறது"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, நெஜமான கேள்வி அதுதான். முதல் கேள்விக்கு என்கிட்ட ஓரளவு பதில் இருக்கு. ரெண்டாவதுக்கு பதில்னு சொல்ல மாட்டேன், 27 வருஷமா இங்க பெங்களூர் சிக்பேட்டைல பாய்ல உக்காந்து புடவை விரிச்சதுல கண்ணுல பட்டது கொஞ்சம் இருக்கு, அதச் சொல்றேன். அப்பா ஆரணில தறி போட்டவர், நான் தறில உக்காந்து முழுசா ஒரு சேலை நெஞ்சது கிடையாது, அதையும் சொல்லிடுறேன்.

மொதல்ல ஃபோட்டோ. நீங்க மூணாவதா போட்டிருக்கிற படத்துல பார்டர அரக்குன்னு எழுதிருக்கீங்க, ஆனா வெளிச்சம் படுற எடத்துல அந்த அரக்குக்குள்ள லேசா பச்சை அடிக்குது, கவனிச்சீங்களா? அதுல நெறைய விஷயம் இருக்கு. காஞ்சிபுரத்துக்குப் பேர் வாங்கிக் குடுத்தது கோர்வை வேலை. அதுல உடம்புக்கு ஒரு நாடா (குறுக்கு நூல சுமந்துட்டு ஓடுற கட்டை), ரெண்டு பக்க பார்டருக்கும் தனித்தனியா ரெண்டு நாடா, ஆக மூணு நாடா ஓடும், தறில நெசவாளி ஒருத்தர் போதாது, பக்கத்துல நாடா எடுத்துக் குடுக்க இன்னொரு ஆள் உக்காரணும். அப்படி நெய்யுறப்ப உடம்போட ஊடை, அதாவது குறுக்க ஓடுற நூல், பார்டருக்குள்ள போகவே போகாது, ரெண்டும் சேர்ற எடத்துல ஒண்ண ஒண்ணு கோத்துக்கும், அதனாலதான் பச்சை சுத்தப் பச்சையாவும் அரக்கு சுத்த அரக்காவும் நிக்கும். புடவையப் பின்னாடி திருப்பி அந்த சேர்ற கோட்டுல விரல வச்சு ஓட்டினா சின்னச் சின்னப் பல்லு மாதிரி தட்டும். உங்களோடதுல பச்சை ஊடை பார்டருக்குள்ள ஓடிருக்கு, அதனாலதான் அந்த ரெட்டை நிறம். அப்ப இது கோர்வை இல்ல, அது நிச்சயம். முந்தி ஆரம்பிக்கிற எடத்துலயும் அந்தத் தடிச்ச கோடு தெரியல. முந்திக்கு வேற கலர் வேணும்னா பழைய பாவு இழையோட, அதாவது தறில நீளவாட்டுல ஓடுற நூலோட, புதுக் கலர் பாவு இழைய ஒவ்வொண்ணா கையால முறுக்கிச் சேப்பாங்க, அதுக்குப் பெட்னின்னு பேரு, ஆயிரக்கணக்கான இழை, முறுக்கிப் பழகின ஆள் இருந்தாத்தான் நடக்கும். உங்க புடவைல முந்தி அதே பாவுல ஜரிகைய மட்டும் அடர்த்தியாப் போட்டு முடிச்சிருக்காங்க.

இதுவரைக்கும் உறுதி. இதுக்கு மேல போனா கடைக்காரர் செஞ்ச தப்பத்தான் நானும் செய்வேன். கோர்வை இல்லாத பட்டும் காஞ்சிபுரத்துல நெஞ்சிருக்காங்க, இப்பவும் நெய்யுறாங்க. கோர்வை போட்டது ஆரணிலயும் வரும், கும்பகோணம் பக்கமும் வரும். அதனால "கோர்வை இல்ல, ஆகவே காஞ்சிபுரம் இல்ல"ன்னு அடிச்சுச் சொல்ல யாராலயும் முடியாது, விக்கிறவன் சொல்லுவான் ஏன்னா அவனுக்கு பழசு அடிமாட்டு விலைக்கு வேணும். தாத்தா பின்னி மில் போனஸ்ல சிக்பேட்டைல வாங்கினதுன்னு எழுதிருக்கீங்க. அந்தக் காலத்துல சிக்பேட்டைக் கடைக்கு சரக்கு நாலா பக்கமும் வந்துச்சு, காஞ்சிபுரம், ஆரணி, ஆனேக்கல், அதெல்லாம் விடுங்க, கடைக்குப் பின்னாடி தெருவுலயே, கப்பன்பேட்டைல தறிச் சத்தம் கேக்கும். கலர் காம்பினேஷனும் கனமில்லாத முந்தியும் பாத்தா எனக்கு ஆரணி இல்லாட்டி இந்த ஊருலயே நெஞ்சதுன்னு தோணுது. தோணுது, அவ்வளவுதான். வயசும் ஃபோட்டோல சொல்ல முடியாது, ஃபால்ஸ் தைக்கலைங்கிறத வச்சு பழசுன்னு சொல்லலாம், எந்த வருஷம்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

பட்டு பட்டுதானா, ஜரிகை வெள்ளி ஜரிகைதானான்னு பாக்குறது இத விட லேசு. ஜாக்கெட் பிட் வெட்டின ஓரத்துல தொங்குற ஊடை இழை ரெண்ட எடுத்துக் கொளுத்துங்க, முடி கருகுற வாசம் வந்து சாம்பல் விரல்ல பொடிஞ்சா பட்டு, உருகி மணி மாதிரி உருண்டா பாலியெஸ்டர். ஜரிகைல ஒரு இழைய நகத்தால சுரண்டுங்க, உள்ள செவப்பா பட்டு நூல் தெரிஞ்சா நல்ல ஜரிகையா இருக்க வாய்ப்பு அதிகம். உங்க படத்துல ஜரிகை கறுத்திருக்கு, அதப் பாத்து "டல்லாயிடுச்சு"ன்னு வருத்தப்பட்டிருக்கீங்க, வெள்ளின்னா கறுக்கத்தான் செய்யும், எனக்கு அது நல்ல சகுனமாத்தான் படுது. தங்க ஜரிகைன்னு பேருதான், வெள்ளி மேல தங்கம் முலாமா மட்டும்தான் இருக்கும், நல்ல ஜரிகைலயே ஒரு சதவீதம் தங்கம்கூடத் தேறாது. பேப்பர்ல எழுதி வேணும்னா நம்ம ஊருலயே சென்ட்ரல் சில்க் போர்டு இருக்கு, நம்ம ஆளுங்களுக்கு அது ட்ராஃபிக்ல மாட்டுற ஜங்ஷன் பேரு, உள்ள பட்டுக்குன்னு ஒரு வாரியம் இருக்குங்கிறது பாதிப் பேருக்குத் தெரியாது. 2004ல வந்த சில்க் மார்க் அவங்களோடதுதான். ஆனா அது சுத்தப் பட்டான்னு மட்டும் சொல்லும், எந்த ஊர்ல நெஞ்சதுன்னு சொல்லாது. ஊருக்கு இருக்கிறது புவிசார் குறியீடு, காஞ்சிபுரம் பட்டுக்கு அது கெடச்சது 2005லதான், உங்க பாட்டி புடவை அதுக்கெல்லாம் ரொம்ப மூத்தது.

சரி, இந்த "ஒரிஜினல் காஞ்சிபுரம்" எதால ஆனதுன்னு பாருங்க. காஞ்சிபுரத்துல பட்டுப்பூச்சி வளக்குறது கிடையாது. கச்சாப் பட்டு பெரும்பாலும் போறது நம்ம கர்நாடகாவுல இருந்துதான், மைசூர் ரோட்ல போறப்ப ராமநகரத்துல பட்டுக்கூடு மார்க்கெட் இருக்கே, ஆசியாவுலயே பெருசும்பாங்க, அங்க காலைல ஏலம் விடுற கூடுதான் நூலாகி அங்க போய் சேலையாகுது. ஜரிகை காலம் காலமா சூரத்துலேருந்து வருது. நெய்யுறவங்கள்ல தமிழ் பேசுற செங்குந்தரும் உண்டு, வீட்ல தெலுங்கு, கன்னடம், சௌராஷ்ட்ரம் பேசுற குடும்பமும் உண்டு. மதுரை சுங்குடிய எடுத்துக்கோங்க, மதுரைன்னாலே சுங்குடிங்கிறோம், அத முடிச்சுப் போட்டு நம்ம ஊருக்குக் குடுத்தவங்க சௌராஷ்ட்ரக்காரங்க. "பழங்காலத்து டிசைன்"னு நாங்க கடைல விரிச்சுக் காட்டுற பெரிய கோபுர பார்டர், கட்டம் எல்லாத்தையும் 1930கள்ல பரதநாட்டியம் ஆடின ருக்மிணி தேவி அவங்க நடத்தின கலாக்ஷேத்ராவுல தறி போட்டுத் தேடி எடுத்து மறுபடி நெய்ய வச்சாங்க, நடுவுல அதெல்லாம் மறந்தே போயிருந்துச்சு. இதெல்லாம் தெரிஞ்சும் நான் காஞ்சிபுரம்னா தமிழ்நாட்டுச் சேலைன்னுதான் சொல்லுவேன், விப்பேன். ஆனா கர்நாடகப் பட்டும் சூரத் ஜரிகையும் சேந்து காஞ்சிபுரத்துல நெஞ்சா தமிழ்ப் பாரம்பரியம், அதே பட்டும் அதே ஜரிகையும் கப்பன்பேட்டைல நெஞ்சு ஒரு தமிழ் மில் தொழிலாளி தன் பொண்டாட்டிக்கு வாங்கினா டூப்ளிகேட்டுன்னு யாராவது சொன்னா எனக்கு சிரிப்புதான் வருது.

பெரியம்மா சொன்னது கோவத்துல சொன்னதா இருந்தாலும் அதுல உண்மை இருக்கு. ஊர்ல எல்லாரும் கல்யாணத்துக்குப் பட்டு கட்டுறதுங்கிறது நம்ம தாத்தா பாட்டி காலத்துக்கு அப்பறமாத்தான் பரவுச்சு. அதுக்கு முன்னாடி பெரும்பாலான வீட்ல நூல் சேலைதான், திண்டுக்கல் பக்கம்னா சின்னாளப்பட்டி, பட்டு மாதிரி மினுக்கும், கைக்கு அடக்கமான விலை. காரைக்குடிப் பக்கம் கண்டாங்கி, பெரிய கட்டம், பட்டையா பார்டர், பின்கொசுவம் வச்சு கணுக்காலுக்கு மேல ஏத்திக் கட்டுவாங்க, வேலை செய்யத் தோதா. துணிய விடக் கட்டுதான் ஆளக் காட்டிக் குடுக்கும், இது என் அனுபவம். மடிசார் ஒம்போது கஜத்துல தலைப்பு வலது தோள்ல விழுந்தா ஐயர் வீடு, இடது தோள்னா ஐயங்கார் வீடு, கேக்கவே வேண்டாம். சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன்லேருந்து வர்ற தமிழ் கிறிஸ்தவப் பொண்ணுங்க கோயிலுக்கு சந்தனக் கலரோ அரை வெள்ளையோ எடுப்பாங்க, தாலி கட்டினதும் மாத்திக்க கூறைப்புடவை தனியா மாப்பிள்ளை வீட்ல எடுப்பாங்க, வெள்ளைய முகூர்த்தத்துக்குக் கண்ணாலயே பாக்க மாட்டேங்கிற இன்னொரு குடும்பம் அதே பாய்ல பக்கத்துல உக்காந்திருக்கும். இப்ப நாம எல்லாரும் ஒரே மாதிரி முன்கொசுவம் வச்சு, உள்பாவாடை, ஜாக்கெட் போட்டு கட்டுறோமே, இது பாட்டி காலத்துக் கட்டுன்னு நெனப்போம். இந்த முறைக்கு அடிபோட்டதுல ஒருத்தங்க ஞானதானந்தினி தேவின்னு தாகூர் வீட்டு மருமக, 1860கள்ல பம்பாய்ல பார்சிப் பொண்ணுங்க கட்டுறதப் பாத்து வங்காளத்துக்குக் கொண்டு போனாங்க. நம்ம பக்கம் ரவிக்கையே போடாத பாட்டிங்கள நான் சின்னப் பையனா இருந்தப்ப ஆரணில பாத்திருக்கேன்.

இதச் சொல்றப்ப இன்னொண்ணையும் சொல்லாம விட முடியல. உடுப்பு அடையாளம்னு ஆசையாப் பேசுறோம், அது சில பேருக்கு தலைல கட்டின அடையாளம். தெக்க, இன்னிக்குக் கன்னியாகுமரி மாவட்டம் இருக்கிற பக்கம், அப்ப திருவிதாங்கூர், நாடார் பொண்ணுங்க மாருக்கு மேல சீலை போடக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க, அதுக்காகப் பல வருஷம் அடிதடி நடந்து 1859லதான் ராஜா உத்தரவு போட்டார், அதுலயும் "மேல் ஜாதிக்காரங்க மாதிரி போடக் கூடாது"ன்னு ஒரு கொக்கி. நம்ம குடும்பத்துக்கு இது வழக்கம் இல்லன்னு யாராவது சொன்னா, வழக்கம் இல்லையா இல்ல விடலையான்னு நான் மனசுக்குள்ள கேட்டுக்குவேன். பழைய கதைன்னும் தள்ள முடியாது. 2024 ஜூலைல இங்க மாகடி ரோடு பக்கம் ஒரு மால்ல பஞ்செ (நம்ம வேட்டிதான்) கட்டிட்டு வந்த ஒரு விவசாயிய உள்ள விடல, சினிமா பாக்க மகனோட வந்தவர், அப்பறம் சண்டையாகி அரசாங்கம் அந்த மால ஏழு நாள் மூட வச்சுச்சு. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 2014ல, சென்னைல ஒரு கிளப்புல வேட்டி கட்டின ஐகோர்ட் நீதிபதியையே வாசல்ல நிறுத்தினாங்க, அதுக்குத் தமிழ்நாட்டுல சட்டமே போட வேண்டியதாச்சு. பெரியம்மா பட்டு நமக்கு இல்லன்னு சொன்னதும் எனக்கு ஒங்க பாட்டி ஞாபகம்தான் வந்துச்சு, பாத்ததில்ல, இருந்தாலும். சின்னாளப்பட்டி கட்டி வளர்ந்த பொம்பள, ஊரு விட்டு ஊரு வந்து, போனஸ் பணம் கைல வந்ததும் சிக்பேட்டை படி ஏறி "பட்டு காட்டுங்க"ன்னு கேட்டிருக்காங்க. அந்த நாள் அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு பெரியம்மாகிட்டயே கேட்டுப் பாருங்க, அவங்க அப்ப சின்னப் பொண்ணா கூட இருந்திருக்கலாம்.

ஒரு தடவ, நான் வேற கடைல வேலை பாத்தப்ப, கோலார் தங்கவயல்லேருந்து ஒரு வயசான அம்மா வந்தாங்க, சுரங்கம் 2001ல மூடினதுக்கு அப்பறம் ஒரு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு. பையில ஒரு மயில்கழுத்துக் கலர் பட்டு, ஜரிகைக்குப் போட வந்திருந்தாங்க. பழைய பட்ட எடைக்கு வாங்கி எரிச்சு வெள்ளி எடுக்குறவங்களுக்கு அனுப்புவோம். முதலாளி ஜரிகைய உரசிப் பாத்து விலை சொன்னார், அந்தம்மா சரின்னாங்க. சரின்னுட்டு, "தம்பி, கத்திரி இருந்தாக் குடுங்க"ன்னு கேட்டாங்க. குடுத்தேன். முந்திய மடில போட்டு, ஓரத்துல மஞ்சள் கறை ஒண்ணு இருந்துச்சு, அத நடுவுல வச்சு ஒரு சாண் அளவு சதுரமா வெட்டினாங்க, கை நடுங்கினாலும் இழை பிசகாம வெட்டினாங்க. முதலாளி "எடை குறையுதும்மா"ன்னு சொல்லி அதுக்கு விலைல கழிச்சார். கழிச்சுக்கோங்கன்னுட்டு அந்தத் துண்ட கர்ச்சீப் மாதிரி மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தப் புடவை கோர்வைதான், சுத்தமான காஞ்சிபுரம், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா அவங்க வெட்டின துண்டுல கோர்வையும் இல்ல, ஜரிகையும் அவ்வளவா இல்ல, கறைதான் இருந்துச்சு. அந்தக் கழிச்ச காச நான் போட்டிருக்கலாம், போடல, இப்பவும் உறுத்துது.

மாமியார் வீட்டு விஷயத்துல எனக்கு வியாபாரி புத்தியில ஒண்ணு தோணுது. பாகல்கோட் பக்கம்னா அவங்க வீட்ல இல்கல் சேலை கண்டிப்பா இருக்கும், இல்கல் ஊரே அந்த மாவட்டத்துலதான். அதுல செவப்பு முந்தில வெள்ளை வெள்ளையா சீப்புப் பல்லு மாதிரி ஓடும். அந்த முந்திப் பாவ உடம்புப் பாவோட சேக்குறது எப்படி தெரியுமா, கொண்டி போட்டு, வளையத்துக்குள்ள வளையம் மாட்டி, கையால. நான் மேல சொன்ன பெட்னிக்கு அண்ணன் தம்பி முறை வேணும். உங்க பாட்டி புடவைல அந்த வேலை இல்ல, அவங்க வீட்டுப் புடவைல இருக்கும், போய் "அத்தே, இந்தக் கொண்டி எங்க இருக்கு காட்டுங்க"ன்னு முந்தியத் திருப்பி வச்சு கேளுங்க, கன்னடத்துல கேட்டா இன்னும் நல்லது, உங்களுக்கு நல்லாவே வரும்தானே. உங்க புடவையையும் விரிச்சு எந்த நெசவு, யாரு எந்தப் பணத்துல எங்க வாங்கினாங்கன்னு சொல்லுங்க. காஞ்சிபுரம்னு பொய் சொல்லாதீங்க, அவசியம் இல்ல. எங்க கடைக்கு வர்ற எத்தனையோ பொண்ணுங்க லட்ச ரூபா புடவை எடுப்பாங்க, அது எந்த ஊருன்னு கேட்டா டேக்கப் பாத்துத்தான் சொல்லுவாங்க.

கடைசியா கைவேலை விஷயம், இதுதான் அவசரம். அந்தக் கடைல சொன்ன ரோல் பாலிஷ் வேண்டவே வேண்டாம், பழைய பட்டுக்கு மடிப்புல உயிரே இருக்காது, உருளைல இழுத்தா அந்தக் கோட்டுல கிழியும், உங்க அஞ்சாவது படத்துல ரெண்டு எடத்துல ஏற்கனவே விட்டிருக்கு. நாள் முழுக்க கட்டவும் இது தாங்காது, உக்காந்து எந்திரிச்சா இடுப்புல சொருகுற எடத்துல போயிடும். தாலி கட்டுற ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கட்டுறதா இருந்தா, விட்ட எடத்துல பின்னாடி மெல்லிசா நெட் வச்சு அதே கலர் பட்டு நூல்ல ஒட்டுத் தையல் போடச் சொல்லுங்க, பின்னு குத்தாதீங்க, குத்தியே ஆகணும்னா உள்ள ஒரு துண்டு பருத்தித் துணி வச்சு குத்துங்க. அதுவும் முடியாத நெலமன்னா ஊஞ்சலுக்குத் தோள்ல மேல போட்டுக்கோங்க, தைரியம் இருந்தா நல்லா இருக்கிற முந்தியும் பார்டரும் எடுத்து புதுப் பச்சைப் பட்டுல ஏத்தலாம், அது நல்லா செய்யுற ஆள் கொஞ்சம் பேருதான், தைக்கிற எல்லார்கிட்டயும் குடுத்துடாதீங்க. நேர்ல பாக்காம எது முடியும்னு என்னால சொல்ல முடியாது. யாருகிட்டயாவது காட்டக் கொண்டு போறப்ப பீரோவுல இருக்கிற அதே மடிப்போட தூக்காதீங்க, கட்டில்ல மெதுவா விரிச்சு, அந்துருண்டைய எல்லாம் எடுத்துப் போட்டுட்டு, ஒரு பழைய வேட்டிய உள்ள வச்சு பாய் மாதிரி சுருட்டி எடுத்துட்டுப் போங்க.